ஃபாஸ்டாவா, ஜிஎஃப்ஏவா: ஸ்பேட்ஸ் தந்ததில் எதைத் திறப்பது?

திருமங்கலம் பக்கத்து மல்லித் தோட்ட மண்ணில் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா. அதன் இல்லுமினா ரீடுகளை (இயந்திரம் படித்த குட்டி டிஎன்ஏ துண்டுகளை), அவற்றை ஒட்டிச் சேர்க்கும் ஸ்பேட்ஸ் மென்பொருளில் ஓட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஃபோல்டரில் கான்டிக்குகளை (ஒட்டிச் சேர்த்த நீளத் துண்டுகளை) எழுத்தாக வைத்த ஃபாஸ்டா கோப்பும் இருக்கும், துண்டுகள் எதோடு எது இணைகிறது என்ற கிராஃப் அடங்கிய ஜிஎஃப்ஏ கோப்பும் இருக்கும்.

பிளாஸ்ட் ஓட்டி ஒத்த வரிசைகளைத் தேட, என்சிபிஐ என்ற பொதுத் தரவகத்துக்கு அனுப்ப ஃபாஸ்டா போதும். 200 பேஸுக்குக் குறைந்த துண்டுகளை முன்பே நீக்கிவிடுங்கள். 60 எழுத்துக்கு ஒருமுறை வரி மடிந்திருக்கும். வரி வரியாகத் தேடும் கிரெப் கட்டளையில் பிரைமரை (ஜீனைக் கண்டுபிடிக்க உதவும் குட்டி வரிசையை) தேடினால் மடிப்பில் விழுந்தது சிக்காது. அதை நம்பி 'ஜீன் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். தலைப்பு வரியின் 'கவ்' எண் கே-மெர் கவரேஜ், அதாவது கே எழுத்து நீளத் துண்டுகள் சராசரியாக எத்தனை முறை வந்தன என்பது. ரீட் ஆழம், அதாவது ஓர் இடத்தை எத்தனை ரீடுகள் மூடின என்பது, அதைவிட அதிகம்.

பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியே இருக்கும், பெரும்பாலும் வட்டமான டிஎன்ஏ) உண்டா என்ற கேள்விக்குத்தான் ஜிஎஃப்ஏ வேண்டும். கிராஃபைப் படமாகக் காட்டும் பேண்டேஜ் மென்பொருளில் திறந்தால், முனையும் முனையும் சேர்ந்த சின்ன வளையம் தனியே தெரியும். ஃபாஸ்டாவில் அதே துண்டு நேர்க்கோடாகக் கிடக்கும். ஜிஎஃப்ஏவில் இணைப்பைச் சொல்லும் எல் வரியில், அந்த வளையத்துக்கு '127எம்' என்றிருந்தால், இரு முனையிலும் அதே 127 பேஸ் இரட்டிப்பாக இருக்கிறது என்று பொருள். ஒரு முனையில் வெட்டிவிட்டு அனோடேட் செய்யுங்கள் (ஜீன்களைக் குறியுங்கள்); இல்லாவிட்டால் நீளமே தப்பாகப் பதிவாகும். வளையம் மட்டும் சாட்சியாகாது. குரோமோசோமின் ஆழத்தோடும் ஒப்பிட வேண்டும். கிராஃபில் இன்னொன்றும் தெரியும்: ரைபோசோம் ஜீன்கள் பல பிரதிகள் ஒன்றாய் ஒடுங்கி, ஆழம் பல மடங்காகி, நாலாபக்கமும் கிளை பிரிந்து நிற்கும். கான்டிக் ஏன் அங்கே அறுந்தது என்பது அப்போது புரியும்.

ஜிஎஃப்ஏவின் துண்டு எண்ணும் ஃபாஸ்டா தலைப்பு வரியின் 'நோட்' எண்ணும் ஒன்றல்ல. எந்தத் துண்டுகள் வழியாக எந்த வரிசை போகிறது என்று சொல்லும், ஜிஎஃப்ஏவின் பி வரிகளைப் பார்த்தே பொருத்துங்கள்.