ஏற்காடு மலைப்பாதை: எந்த வண்டிக்கு எந்த வழி?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற முடியாத வண்டி என்று இன்று அநேகமாக எதுவும் இல்லை. 100 சிசி பைக்கில் இருவர் ஏறுகிறார்கள், 800 சிசி காரில் குடும்பமே ஏறுகிறது, அரசுப் பேருந்து நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. அதனால் 'என் வண்டி ஏறுமா' என்ற கவலையை விட்டுவிடலாம். ஒழுங்காக இறங்குமா என்பதைப் பார்த்துத்தான் வண்டியையும் வழியையும் முடிவு செய்ய வேண்டும்.

அடிவாரத்துக்கும் மேலே உள்ள ஊருக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,100 மீட்டர். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ வரும் கார் அவ்வளவு தூரம் இறங்கினால், சுமார் 4.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். இன்ஜின் அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரேக்தான் வாங்கும். மாலையில் அடிவாரத்தில் நின்றால் இறங்கி வரும் கார்களிடமிருந்து வரும் கருகல் வாடை அதுதான்.

முதன்மைச் சாலை, அதாவது அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது, எல்லா வண்டிக்கும் பொதுவான நல்ல தேர்வு. இரண்டு வண்டி தாராளமாக ஒதுங்கலாம். சிக்கல் இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசிகளில்தான். ஏறும்போது அங்கே நாம் உள்வட்டத்தில் இருப்போம். திருப்பமும் குறுகல், ஏற்றமும் செங்குத்து. மூன்றாவது கியரில் வந்து பாதித் திருப்பத்தில் இழுவை விட்டுப் போய் நிற்கும் சின்ன கார்கள் அதிகம். வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வாருங்கள். ஐந்து பேர் இருந்தால் முதலாவதுக்கு. ஏசியை அணைத்தால் சின்ன இன்ஜினுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். எதிரே பஸ் தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே நின்றுவிடுங்கள், அதற்கு முழுச் சாலையும் தேவை. மற்ற குறுகலான இடங்களில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன, மலையில் பாதிப் பேர் மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இறக்கத்தில் பழைய விதியே போதும்: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'டி'யில் விடாமல் 'எல்' அல்லது மேனுவலில் இரண்டு. ஏஎம்டி (சாதா கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் தானே இயக்கும்) வண்டியை ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் சூடேறும். ஹேண்ட் பிரேக் போடுங்கள். பிரேக்கை நீளமாக மிதித்துக்கொண்டே வருவதைவிட, வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுவது நல்லது. இடைவெளியில் டிஸ்க் ஆறும். பிரேக் ஆயில் பழையதாகி ஈரம் ஏறியிருந்தால் கொதிநிலை இறங்கிவிடும். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி வரை தாங்க வேண்டும்; ஈரம் ஏறிய பின் 140 தான் குறைந்தபட்ச அளவு. பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதிக்கிறது என்று பொருள். ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாலைந்து மிதியில், பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரின் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகும், ஸ்டியரிங்கும் இறுகும். மிச்சமாவது ஒரு டீக்காசு.

இந்தப் பாதைக்கு மிகக் குறைந்த மதிப்பெண் பெறுவது இருவர் ஏறிய ஸ்கூட்டர். கியர் இல்லை, வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். பல மாடல்களில் முன்னும் பின்னும் 130 மி.மீ. டிரம் பிரேக்தான். முன்பக்கம் டிஸ்க் உள்ள 125 சிசி என்றால் பரவாயில்லை. ஒருவர் மட்டும் போனால் போகலாம். இருவர் என்றால் பைக் எடுங்கள், இரண்டு அல்லது மூன்றாவது கியரில் கிளட்சைப் பிடிக்காமல் இறங்குங்கள்.

மின்சாரக் காருக்கு இறக்கம் வரவுதான், ஆனால் ஒரு நிபந்தனை. மேலே தங்கிய இடத்தில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டால் ரீஜென் (இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகி பேட்டரியை ஏற்றுவது) வேலை செய்ய பேட்டரியில் இடமிருக்காது. 85-லேயே நிறுத்திவிடுங்கள்.

வேன், பஸ் வாடகைக்கு எடுப்பவர்கள் ஓட்டுநரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த மலையில் ஓட்டிப் பழக்கம் உண்டா? ஏர் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் காற்றழுத்தம் இறங்கும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகைபோகும் வழியை அடைத்து இன்ஜினால் வேகம் குறைப்பது) கியரும்தான் வேலை செய்ய வேண்டும். 2024 ஏப்ரல் 30 அன்று இதே பாதையில் 13-ஆவது வளைவுப் பகுதியில் பஸ் ஒன்று கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்தார்கள்.

இரண்டாவது வழி, அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழியாக வருவது. கூட்டம் குறைவு, கொண்டை ஊசிகளும் குறைவு. ஆனால் சாலை குறுகல், எதிர்வருவது தெரியாத திருப்பங்கள் நிறைய, இருட்டினால் ஆள் நடமாட்டமும் இருக்காது. பைக்குக்கும் ஓட்டிப் பழகிய கையில் இருக்கும் சின்ன காருக்கும் இனிமையான வழி. நீளமான வேனுக்கும் புதிதாக ஓட்டுபவருக்கும் வேண்டாம். கோடை விழா நாட்களில் நெரிசலுக்காக ஒருவழியாக்கினால் இறங்க இந்தப் பக்கம் திருப்பிவிடுவதுண்டு, அப்போது எதிர்வண்டி இல்லாததால் பயம் குறைவு. மேலே நாகலூர்ப் பக்கம் சுற்றிவரும் 32 கி.மீ. லூப் ரோடு எஸ்டேட்டுகளுக்கு நடுவே போகும் ஒல்லிச் சாலை. காருக்குச் சரி, பஸ்ஸுக்கு இல்லை.

பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமும் ஹாரனும் போதும். அந்தி சாய்ந்தபின் காட்டெருமை குறுக்கே வரலாம், ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று உண்டா என்று நின்று பாருங்கள். நவம்பர், டிசம்பர் பெருமழையில் பாறை சரிவது புதிதல்ல, 2024 ஃபெஞ்சல் புயல் மழையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இரவெல்லாம் கொட்டித் தீர்த்திருந்தால் காலை அடிவாரம் செக்போஸ்ட்டில் விசாரித்துவிட்டே ஏறுங்கள். முதன்மைச் சாலையை மூடினால் குப்பனூர் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், அதே மழைதான் அங்கேயும் பெய்திருக்கும்.