அடைமழையில் செடியை மூச்சுத் திணறவைக்கும் தொட்டி

மொட்டை மாடிக்கு என்று மார்ச் மாதம் ஆன்லைனில் நான்கு செல்ஃப் வாட்டரிங் தொட்டிகள் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், இதே அமைப்பில் நிறையப் பேர் விற்கிறார்கள். அடியில் தண்ணீர் அறை, அதிலிருந்து மண்ணுக்குள் ஏறும் திரி, கூடவே ஒரு பை கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). வெயில் காலத்தில் குறையே சொல்ல முடியாது. மே மாதம் மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது தக்காளி வாடாமல் நின்றது.

ஐப்பசி மழையில்தான் சாயம் வெளுத்தது. வழிந்தோடும் ஓட்டையை அறைக்கு மேலே, மண் பகுதியிலேயே வைத்திருக்கிறார்கள். அதனால் அடிமண் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். இரண்டு நாள் விடாத மழை, மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில், மிளகாய் இலையெல்லாம் தொங்கிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு "தண்ணி பத்தலைடா" என்று ஒரு சொம்பு ஊற்றினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் அதில் பரவும். மூச்சு முட்டும் வேர் தண்ணீர் எடுக்கும் வழிகளை மூடிக்கொள்கிறது, அதனால் கழுத்தளவு தண்ணீரில் நின்றும் செடிக்குத் தாகம். தக்காளி வேறு மாதிரி: இலை விறைப்பாகவே இருந்தது, காம்பு மட்டும் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அது வாட்டமில்லை, வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன் வாயு செய்கிற வேலை.

மிளகாயைப் பிடுங்கினால் அழுகின முட்டை வாடை, வேரை நகத்தால் இழுத்தால் பழுப்புத் தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. இரண்டு செடி போச்சு. தக்காளி மட்டும் மண்ணுக்குச் சற்று மேலே தண்டில் வெள்ளை வெள்ளையாகப் புது வேர் விட்டுப் பிழைத்துக்கொண்டது.

கஸ்டமர் கேரில் கேட்டால் "தண்ணீர் குறைத்து ஊற்றுங்கள் சார்" என்கிறார்கள். வருண பகவானிடம் யார் போய்ச் சொல்வது?

5-க்கு 2 ஸ்டார், அந்த இரண்டும் மே மாதத்துக்கு. ஏற்கெனவே வாங்கியவர்கள் மழைக்கு முன் திரியை உருவிவிட்டு, ஆணியைக் காய்ச்சி அறையின் அடிமட்டத்தில் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். அடியில் ஜல்லி போடுகிற யோசனை மட்டும் வேண்டாம், தண்ணீர் ஜல்லிக்கு இறங்காமல் அதற்கு மேலே உள்ள மண்ணிலேயே நிற்கும். நான் மூன்று தொட்டிக்கு ஓட்டை போட்டுவிட்டேன், நான்காவதில் வல்லாரை. சேற்றிலேயே வளரும் கீரை, அதற்கு இந்தத் தொட்டி ரொம்பப் பிடித்திருக்கிறது, துவையலுக்கு இரண்டு முறை பறித்தாயிற்று.