சிலிக்கானா, பெரோவ்ஸ்கைட் அடுக்கா: சேலத்து மாடிக்கு எது?

அம்மாப்பேட்டையில் வீடுகள் நெருக்கம், மாடிகள் சிறியவை. அங்கே சூரியத் தகட்டின் திறனில், அதாவது விழும் ஒளியில் எவ்வளவு மின்சாரமாகிறது என்பதில், ஒவ்வொரு சதவீதமும் முக்கியம். 22 சதவீதத் திறனுள்ள சிலிக்கான் தகடுகளில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 50 சதுர அடி வேண்டும்.

சிலிக்கானுக்கு இயற்கையே கோடு கிழித்திருக்கிறது: கோட்பாட்டளவில் 29.4 சதவீதம். நீல ஒளியின் மிகுதி ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. போதாக்குறைக்குச் சேலத்து வெயிலில் தகடு 65 டிகிரிக்குச் சூடானால் உற்பத்தி எட்டில் ஒரு பங்குவரை குறையும். ஏற்காட்டின் குளிரில் இந்த இழப்பு குறைவு. ஆனால் அங்கே மூடுபனி ஒளியை மறைக்கிறது!

பெரோவ்ஸ்கைட் என்பது ஒளியை மின்சாரமாக்கும் ஒருவகைப் படிகப் பொருள். சிலிக்கானின் மேல் அதை மெல்லிய அடுக்காகச் சேர்ப்பதே இந்தக் கோட்டைத் தாண்டும் வழி. மேலடுக்கு நீலம், பச்சையையும் அடியிலுள்ள சிலிக்கான் சிவப்பு, அகச்சிவப்பையும் பிடிக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் கோட்பாட்டு எல்லை சுமார் 45 சதவீதம்; ஆய்வகத்தில் சிறு மின்கலங்கள் 2024ஆம் ஆண்டிலேயே 34 சதவீதத்தைக் கடந்துவிட்டன. எனக்கு இது பெரும் நம்பிக்கை தருகிறது.

ஆனால் ஈரமும் வெப்பமும் அந்த மேலடுக்கைச் சிதைக்கின்றன. அதில் ஈயமும் உண்டு. உடைந்த தகடு மண்ணில் கிடக்கக் கூடாது. சிலிக்கானுக்கோ 25 ஆண்டு உத்தரவாதம் கிடைக்கிறது.

இந்த ஆண்டு மாடியில் பொருத்துபவர் சிலிக்கானையே வாங்கட்டும். வாங்கும்போது, வெப்பம் ஒரு டிகிரி கூடினால் எத்தனை சதவீதம் குறையும் என்று விவரத்தாளில் பாருங்கள்: 0.3 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நல்லது.