சாயாத சீட்டுக்குக் கூடுதல் கட்டணம்: இரவு விமானத்தில் நான் ஏமாந்த விதம்

நீண்ட இரவுப் பயணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு, சீட்டுக்கென்று தனியாகப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதற்குக் கட்டுகிறோம் என்பது எனக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

13 மணி நேரப் பயணம். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம். இறங்கிய மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒரு முக்கியமான சந்திப்பு இருந்தது. எப்படியாவது ஐந்து மணி நேரமாவது தூங்கிவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே திட்டம். டிக்கெட் வாங்கியதும் இருக்கை வரைபடம் வந்தது. பெரும்பாலான சீட்டுகள் ஒரு நிறம், சில மட்டும் வேறு நிறம். அந்தச் சிலவற்றுக்கு ‘விருப்ப இருக்கை’ என்று பெயர், விலையும் கூடுதல். அதில் 39-கே கண்ணில் பட்டது. ஜன்னல் ஓரம். அதற்குப் பின்னால் வரிசையே இல்லை. ‘ஆகா, எவ்வளவு சாய்த்தாலும் பின்னால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்’ என்று ஒரு புத்திசாலித்தனமான கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பின்னால் வரிசை இல்லாததற்குக் காரணம், பின்னால் சுவர் இருந்ததுதான்.

விமானம் மேலே ஏறி விளக்குகளை அணைத்ததும் பட்டனை அழுத்தினேன். நாற்காலி அசையவில்லை. பழுதாகியிருக்கும் என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்தினேன். பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

“சார், இந்த வரிசை சாயாது. பின்னால் கழிவறைச் சுவர்.”

“அப்படியென்றால் இதற்கு ஏன் கூடுதலாகப் பணம் வாங்கினார்கள்?”

“அது வெப்சைட்காரர்கள் செய்வது சார், எங்களுக்குத் தெரியாது. வேறு இடம் இருந்தால் நானே மாற்றிவிடுவேன். இன்றைக்கு ஒரு சீட்கூடக் காலி இல்லை.”

அவர் மீது தப்பில்லை. நல்ல மனுஷி, இன்னொரு தலையணை கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் எனக்கு முன்னால் இருந்தவரின் சீட் நன்றாகவே சாய்ந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்த மறுநிமிடமே அவர் முழுசாகச் சாய்த்துவிட்டார். அது அவருடைய உரிமை, குறை சொல்ல முடியாது. அவருடைய சாய்வு என் மடிக்கு மேல் வந்து நின்றது. திரை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். காலையாவது முன் சீட்டுக்கு அடியில் நீட்டலாம் என்று பார்த்தால், அங்கே ஒரு இரும்புப் பெட்டி. திரைகளுக்கான மின்சாதனப் பெட்டியாம். பாதி இடத்தை அது பிடித்துக்கொண்டது.

ஜன்னல்? ஜன்னல் முன்னால் இருந்தவருக்கு. எனக்கு வெறும் பிளாஸ்டிக் சுவர். ஜன்னல்கள் விமானத்தின் உடலில் ஒரே இடைவெளியில் இருக்கின்றன. நாற்காலிகளைத் தரையிலுள்ள தண்டவாளத்தில் விமான நிறுவனம் தன் வசதிக்கேற்ப நெருக்கியோ தள்ளியோ பொருத்திக்கொள்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் வரைபடத்தில் ‘ஜன்னல்’ என்று போட்டிருந்தால் சுவரோரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சில சிறிய விமானங்களில் குளிர்காற்றுக் குழாய் போகும் இடத்தில் ஜன்னலே வைப்பதில்லை. போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால் அப்படி ஒரு இடம் உண்டு.

அப்புறம் அந்தச் சுவர். விமானக் கழிவறை தண்ணீர் ஊற்றி வேலை செய்வதில்லை, காற்றழுத்த வித்தியாசத்தில் உறிஞ்சி இழுக்கிறது. அந்த ‘ஷூப்’ சத்தம் என் பிடரிக்குப் பின்னாலேயே இரவு முழுக்க. நான் எண்ணவில்லை. எண்ண ஆரம்பித்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். ஒரு மணி நேரம்கூடத் தொடர்ச்சியாகத் தூங்கவில்லை. சந்திப்பில் என்ன பேசினேன் என்பது இன்றுவரை சரியாக நினைவில்லை.

திரும்பி வந்ததும் புகார் எழுதினேன். முதலில் ஒரு தானியங்கிப் பதில். பத்து நாள் கழித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். அந்த சீட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் ‘சாய்வு குறைவாக இருக்கலாம்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி வருகிறதாம். நான் பதிவு செய்தது கைபேசியில். கைபேசியில் ஏது மவுஸ்? மேலும், குறைவு என்பது வேறு, அறவே இல்லை என்பது வேறு. அதை எழுதியதற்கு வந்த பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த அதே எண்ணுள்ள இருக்கை வழங்கப்பட்டுவிட்டது, எனவே ரீஃபண்ட் கிடையாது. விதிமுறைகளைத் தோண்டிப் படித்தேன். நிறுவனமே நம்மை வேறு மட்டமான இடத்துக்கு மாற்றினால் கட்டணம் திரும்ப வரும். கொடுத்த இடம் மோசமாக இருந்தால் வராது. ‘விருப்ப’ என்ற சொல்லுக்கு அந்த விதிமுறையில் இருந்த விளக்கமோ, கேபினில் இருக்கும் இடம் மட்டும்தான். முன்பக்கம், கதவுக்குப் பக்கம், அப்படி. கால் நீட்ட ஒரு அங்குலம் அதிகம் என்று எங்கேயும் சொல்லவில்லை. நான்தான் அப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அப்படி அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வைத்த பெயர் அது என்பது என் கருத்து.

திரும்பும் பயணத்துக்கு முன்பே அவசர வழி வரிசையில் ஒரு சீட் வாங்கி வைத்திருந்தேன், இன்னும் கூடுதல் விலையில். அங்கே கால் நீட்ட நிஜமாகவே தாராளமான இடம். அந்த இடத்தில்தான் கழிவறைக்கான வரிசை நின்றது. கண்ணை மூடினால் யாராவது காலை மிதித்து “சாரி” சொல்வார்கள். கதவுப் பக்கம் குளிர் வேறு. முன்னால் நாற்காலி இல்லாததால் சாப்பாட்டுப் பலகையும் திரையும் கைப்பிடிக்குள்ளேயே மடங்கியிருந்தன. அதனால் கைப்பிடி தூக்க முடியாத கெட்டிச் சுவராக இருந்தது, உட்காரும் அகலமும் குறைந்துபோனது. பையையும் காலடியில் வைக்க விடவில்லை. கிளம்பும்போதும் இறங்கும்போதும் மேலே போட்டாக வேண்டும். இதையெல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அவசர வழியென்றால் அப்படித்தான். ஆனால் விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லலாமே. இன்னொன்று: அவசரத்தில் கதவைத் திறந்து உதவ முடியாதவர்களை அங்கே உட்கார விடமாட்டார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கென்று யாராவது அந்த சீட்டை வாங்கினால் கடைசி நேரத்தில் எழுப்பிவிடுவார்கள், பணமும் பெரும்பாலும் போனதுதான்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், முதலில் எந்த விமானம் என்று பார்க்கிறேன். டிக்கெட் விவரத்திலேயே மாடல் இருக்கும். போயிங் 777-இல் ஒரு வரிசைக்கு ஒன்பது பேர் என்றிருந்ததைப் பல நிறுவனங்கள் பத்தாக்கிவிட்டன, 3-4-3 என்று. அதில் சீட்டின் அகலம் 17 அங்குலம் அளவில்தான் வரும். ஏர்பஸ் ஏ350-இல் ஒன்பது பேர், ஏ330-இல் 2-4-2 என்று எட்டுப் பேர். இரண்டிலும் பொதுவாக 18 அங்குலம். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். பக்கத்தில் தோள் அகலமான ஆள் உட்கார்ந்தால் அந்த அங்குலத்தின் மதிப்பு தெரியும். ஏ330-இல் ஓரத்து இரட்டை சீட் கிடைத்தால், துணைக்கு ஒருவர் இருக்கும்பட்சத்தில் நான் வேறு எதையும் தேட மாட்டேன்.

கால் இடத்துக்குப் பார்க்க வேண்டிய எண் ‘பிட்ச்’. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரையுள்ள தூரம் அது. முழுவதும் உங்கள் காலுக்கான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். நீண்ட பயண விமானங்களின் சாதாரண வகுப்பில் 31, 32 அங்குலம் வழக்கம். கூடுதல் கால் இடம் என்று விற்றால் எத்தனை அங்குலம் என்று எண்ணாகக் கேளுங்கள். எண் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

நிறுவனத்தின் வரைபடத்தை மட்டும் நம்புவதையும் விட்டுவிட்டேன். அதில் எல்லாச் சதுரமும் ஒரே அளவு, சுவரும் கழிவறையும் ஏதோ பூச்செடி மாதிரி ஒரு மூலையில் இருக்கும். ஏரோலோபா என்ற தளத்தில் நிறுவனவாரியாக, விமானவாரியாக, அளவு பிசகாமல் வரைந்த படங்கள் கிடைக்கின்றன. ஜன்னல் எங்கே விழுகிறது என்பதுகூடத் தெரியும். என்னுடைய 39-கே-வை அதில் பிறகு பார்த்தேன். சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

முன்கூட்டிப் பார்த்து வாங்கினாலும் ஒரு ஆபத்து உண்டு. கிளம்பும் முன் விமானத்தையே மாற்றிவிடுவார்கள். அதனால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும், செக்-இன் திறந்ததும் ஒருமுறை சீட் எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். அதுவரை பூட்டி வைத்திருந்த நல்ல சீட்டுகள் சில செக்-இன் நேரத்தில் இலவசமாகவே திறப்பதும் நடக்கிறது.

மாட்டிக்கொண்டால், இறங்குவதற்கு முன்பே ஆதாரம் சேருங்கள். பட்டனை அழுத்தியும் நாற்காலி நகராததைக் கைபேசியில் படம் பிடியுங்கள். தலைமைப் பணியாளரிடம் சொல்லி, அவருடைய பயண அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. “பணியாளர் அறிக்கையில் எந்தப் பதிவும் இல்லை” என்று நான்காவது மெயிலில் எழுதினார்கள்.

ஆறாவது மெயிலுக்குப் பிறகு, ‘நல்லெண்ணத்தின் அடிப்படையில்’ நான் கட்டியதில் பாதித் தொகைக்கு ஒரு வவுச்சர் வந்தது. டிக்கெட்டுக்குப் பயன்படாது, பைக் கட்டணத்துக்கும் பயன்படாது. சீட் முன்பதிவுக்கு மட்டும்தான். அடுத்த மாதம் காலாவதி ஆகிறது.