பழி ரேடார் மேல், பழுது எர்த்தில்: கோத்தகிரியில் ஒரு ரேடார் குரூஸ் அனுபவம்

கோத்தகிரியில் குடியிருந்துகொண்டு ரேடார் குரூஸ் (முன்வண்டியை ரேடாரால் கவனித்து, இடைவெளி விட்டுத் தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) உள்ள கார் வாங்கினால், பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "மலையில இது எதுக்குங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. குஞ்சப்பனை வளைவுகளில் நான் அதைப் போடுவதே இல்லை. ரேடாரின் பார்வை நேராக முன்னால் குறுகலாகப் போவது. வளைவில் முன்வண்டி அந்தப் பார்வையிலிருந்து விலகியதும் பாதை காலி என்று எண்ணி வேகம் கூட்டப் பார்க்கும். இறக்கத்தில் இரண்டாவது கியரும் நம் காலும்தான் சரி. ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டி, காரமடை, பெரியநாயக்கன்பாளையம் என்று கோவை வரை ஊர்ந்து போகும் நெரிசலில் இது இல்லாமல் ஓட்ட இப்போது எனக்கு மனம் வருவதில்லை. எதற்கெடுத்தாலும் கோவைக்கு இறங்கியாக வேண்டிய எங்களுக்கு, முழங்காலுக்கு இது பெரிய உபகாரம்.

முதல் மழைக்காலம் முடியும்வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. வடகிழக்குப் பருவமழை நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம்தான் அதிகம் கொட்டும். வண்டி வாரக்கணக்கில் ஈரத்திலேயே நின்றது. தை பிறந்த பிறகு தொந்தரவு தொடங்கியது. காரமடையில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. கார் தானாகப் பிரேக் பிடிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டது. நான் மிதித்ததும் பிரேக் வழக்கம்போலப் பிடித்தது. மீட்டரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காப்பது) என்று மஞ்சள் விளக்குகள் மொத்தமாக எரிந்து, சில நொடிகளில் அணைந்தன. ஒரே ஒரு வரி மட்டும் நின்றது: ரேடார் குரூஸில் கோளாறு, சர்வீஸ் சென்டரை அணுகவும். இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் அதுவும் காணாமல் போனது.

மலைக்காரர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பனிமூட்டத்தில் வரும் செய்தி வேறு, இது வேறு. ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்வது. சாதாரண மூடுபனி அதற்குப் பெரிய தடை இல்லை. மூடுபனியில் திணறுவது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராதான். ரேடார் மூடியில் சேறோ உறைபனியோ அப்பினால் "சென்சார் மறைக்கப்பட்டுள்ளது" என்ற மாதிரி வரும், துடைத்தால் சரியாகிவிடும். "கோளாறு" என்று வந்தால் துடைத்துப் பயனில்லை, ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். ரேடாரில் யு0121 என்ற பழுதுக் குறியீடு (கோட்) இருந்தது. "ரேடார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். ரேடார் விலை ஒருபக்கம், பம்பரைக் கழற்றி மாட்டி, எதிரே குறிப்பலகை வைத்து அதன் பார்வையைச் சரிசெய்யும் (கேலிப்ரேஷன்) கூலி இன்னொரு பக்கம். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கோட்களை அழிப்பதற்கு முன் முழு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கியது நல்லதாகப் போயிற்று. அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்து நடந்தது எதுவும் நடந்திருக்காது.

குன்னூரில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார், இளைஞர். ரிப்போர்ட்டை அவரிடம் காட்டினேன். யு0121 என்றால் ஏபிஎஸ் யூனிட்டிலிருந்து (அதன் கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து) தகவல் வரவில்லை என்று அர்த்தம். ரேடார் கெட்டது என்று அது சொல்லவே இல்லை. ஏபிஎஸ்ஸைக் காணோம் என்று ரேடார் கொடுத்த புகார் அது. அதே புகாரை இன்ஜின் யூனிட்டும் ஸ்டியரிங் யூனிட்டும் கொடுத்திருந்தன. ஏபிஎஸ்ஸுக்குள் மட்டும் அந்தக் கோட் இல்லை, மின்னழுத்தம் குறைந்தது என்று ஒன்று இருந்தது. "சார், எல்லாரும் ஒரே ஆளைத்தான் காணோம்ங்கிறாங்க. தொலைஞ்சவனைத் தேடாம, புகார் கொடுத்தவனைப் புடிச்சு உள்ள போடச் சொல்றாங்களே" என்றார். மூன்று யூனிட்கள் ஒரே நேரத்தில் ஏபிஎஸ்ஸை இழந்தன என்றால் ரேடார் வரைக்கும் போகும் வயரில் தேடுவதும் வீண். ரேடார் ஒன்றே புகார் சொல்லியிருந்தால் கதை வேறு. யு0235 என்று வந்திருந்தால் மற்ற யூனிட்கள் ரேடாரைக் காணோம் என்கின்றன. அப்போது பம்பருக்குப் பின்னால் உள்ள கப்ளரில் (வயர் இணைப்பில்) தேடலாம். யு0415 என்றால் ஏபிஎஸ் பேசுகிறது, ஆனால் பேச்சு நம்பும்படி இல்லை. வீல் ஸ்பீடு சென்சாரில் தொடங்கலாம்.

சரி, ஏபிஎஸ் ஏன் பாதியில் தொலைய வேண்டும்? எனக்கு இந்த விவகாரத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். என் வண்டியில் நாம் மிதிக்கும்போது உதவுவது வேக்கம் பூஸ்டர். ரேடார் குரூஸ் பிரேக் கேட்கும்போது மிதிக்க யாரும் இல்லை. ஏபிஎஸ் யூனிட்டில் உள்ள மோட்டார்தான் பம்பைச் சுற்றி அழுத்தம் கொடுக்கிறது. அந்த மோட்டார் கரண்ட்டை வாரிக் குடிக்கும். எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) சரியில்லை என்றால் அந்த நொடியில் யூனிட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் இறங்கும், யூனிட் அணைந்து மறுபடி எழும். எழுந்துவிட்டதால் அதன் விளக்குகள் அணைகின்றன. நம்பிக்கை இழந்த குரூஸ் மட்டும் இன்ஜினை அணைக்கும்வரை திரும்ப வருவதில்லை. அதனால்தான் திரையில் கடைசியில் மிஞ்சுவது ரேடார் பெயர். முன்வண்டி மெல்ல வேகம் குறைத்தபோதெல்லாம் எதுவும் ஆகாமல், சட்டென்று நின்றபோது மட்டும் கோளாறு வந்ததும் இதனால்தான்.

எர்த் வயரை மல்டிமீட்டரில் சும்மா பார்த்தால் நன்றாக இருக்கிறது என்றே காட்டியது. மீட்டர் அனுப்பும் துளிக் கரண்ட்டுக்கு அரித்துப்போன முனைகூடப் போதும். லோடு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை ஏபிஎஸ் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, ஸ்கேனர் வழியாக மோட்டாரை ஓடவிட்டார். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஒரு வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரி ட்ரேயைத் தூக்கினால் கீழே எர்த் போல்ட்டைச் சுற்றித் துரு, லக்கில் (வயர் முனை வளையத்தில்) பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். ரேடாருக்குச் சொன்ன விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேச முடியாத கூலி.

ஒரு சோதனையைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே 60 ஓம் வந்தால் கேன் வயரிங் (யூனிட்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) சரி என்று பலர் சொல்வார்கள். இரண்டு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்களால் வரும் கணக்கு அது. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கலாம். ஆனால் இப்போதைய பல கார்களில் நடுவே இந்த வயரிங்கைக் கிளைகளாகப் பிரித்து இணைக்கும் கேட்வே இருக்கிறது. சாக்கெட்டில் 60 வருவது அந்தக் கிளைக்கு மட்டும்தான் சான்று. ரேடாரும் பிரேக்கும் பேசிக்கொள்ளும் கிளை வேறாக இருக்கலாம், எலி கடித்திருந்தால் அங்கேதான் தெரியும். மலிவான ஓபிடி டாங்கிளும் பெரும்பாலும் இன்ஜின் கோட்களோடு நின்றுவிடும்.

மலையிறங்கும்போது மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், நிதானமாக இறங்கலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடும் ஈபிடியும் போயிருக்கலாம், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அப்போது இறங்கவே வேண்டாம், ஓரம்கட்டி ஆளை அழையுங்கள்.

எர்த் மாற்றியபின் இன்னொரு வடகிழக்கு மழையையும் வண்டி பார்த்துவிட்டது. அந்தக் கோளாறு திரும்பவில்லை. மழை தொடங்குமுன் பேட்டரி ட்ரேயைத் தூக்கிப் பார்ப்பதை சர்வீஸ் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மிச்சமிருக்கும் குறை ஒன்றுதான்: முன்வண்டியோடு விடும் இடைவெளியைக் குறைந்தபட்சத்துக்கு வைத்தாலும், துடியலூரில் அதற்குள் ஒரு டூவீலர் புகுந்துவிடுகிறது.