வாடகைக் கூத்துடுப்பு: முன்னுக்கு மினுக்கம், முதுகுக்கு நாடா

மட்டக்களப்பு நகரத்தில் கூத்துடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் ஓர் இடத்தின் வடமோடி உடுப்புகளைப் பற்றியது இது. கூத்தின் இரண்டு பாணிகளில் ஒன்று வடமோடி. பள்ளிக்கூட விழாவுக்கென்றால் யோசிக்காமல் எடுக்கலாம். ஊர்க்களரியில், அதாவது கூத்தாடும் வட்ட வெளியில், விடிய விடிய ஆடத்தான் எடுக்கிறீர்கள் என்றால், கடையிலேயே உடுப்பைத் திருப்பிப் பாருங்கள்.

ராசா உடுப்பின் மார்புப் பதக்கம், புயக்கட்டு, முன்தொங்கல் எல்லாவற்றிலும் கண்ணாடித் துண்டும் சரிகையும் நெருக்கமாகத் தைத்திருக்கிறார்கள். பின்பக்கம் வெறும் சிவப்புத் துணியும் நாலு நாடாவும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். அந்த மேடைக்குச் சனம் ஒரு பக்கம்தான், இந்த உடுப்பும் அதற்கேற்றதுதான். வட்டக்களரிக்கு நாலு பக்கமும். ராசா எட்டுப் போட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் பாதிச் சனத்துக்கு நாடாதான் தெரியும். முதுகுக்கு ஒரு சரிகைத் துண்டு தைக்கக் கேட்டால் செய்து தருகிறார்கள், அதற்குத் தனிக்காசு.

இடுப்புக்குக் கீழே உடுப்பை விரித்து நிறுத்தும் கூடு கரப்பு. அதில் மூன்று வளையம். மேல் இரண்டும் கம்பி, கீழ் வளையம் பிரம்பு. இதைச் செய்தவருக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறது. வீசாணம் என்ற ஆட்டத்தில் இருவர் நெருங்கி உரசினால் இடிபடுவது கீழ் வளையம்தான். பிரம்பு அமுங்கினாலும் மீண்டுவிடும், கம்பி வளைந்தது வளைந்ததுதான், பிறகு துணி காலுக்குள் சிக்கும். பிரம்பின் இரண்டு நுனியும் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு விரற்கடையாவது படிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் கட்டு நழுவி வளையம் விரியும். பாரம் முழுவதும் இடுப்பு நாடாவில் தொங்குவது இன்னொரு பிழை. இரு தோளிலும் குறுக்காகப் பட்டி போட்டால் ஆடுபவர் விடியும்வரை தாங்குவார்.

முடி, அதாவது கிரீடம், கடதாசி மட்டையில் ரெக்சின் ஒட்டியது. மரத்தில் செதுக்கிய பழைய முடியோடு பார்த்தால் பஞ்சு மாதிரி. ஆனால் பசையில்தான் நிற்கிறது. வியர்வை ஊறினால் நடுச்சாமத்தில் நெற்றிப்பட்டி கிளம்பும். ஊசிநூல் கையோடு இருக்கட்டும். எல்லாத் தலைக்கும் ஒரே அளவு என்பதால் உள்ளே துணிச் சும்மாடு வைக்க வேண்டும். நாடாவைத் தாடைக்குக் கீழே மட்டும் கட்டினால் குனியும்போது முடி கண்ணுக்கு இறங்கும். பிடரியிலும் ஒரு கட்டுப் போடுங்கள்.

குறை சொல்ல முடியாதது சதங்கை. தடித்த தோலில், கம்பி இல்லாமல் நூலால் கோத்தது. காலை வெட்டாது, மணி கழன்றாலும் அங்கேயே கோத்துவிடலாம். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு எடுப்பாக இருக்கிறது. மற்றப் பாணியான தென்மோடிக்கு உடுப்பு நாலைந்துதான், அதற்காக அங்கே போக வேண்டாம்.

வாடகை மூன்று நாளுக்கு. கரப்பு வளைந்தால் முற்பணத்தில் வெட்டுவார்கள். முன்பே வளைந்ததையும் உங்கள் கணக்கில் போட்டுவிடக்கூடும், ஆகவே எடுக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டிவிடுங்கள். வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, முடிந்ததும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களெல்லாம் ஒன்றாகக் கேட்டு வரும். ஆடுபவர்கள் முதன்முதல் சதங்கை கட்டும் சதங்கையணி நாள் குறித்த உடனேயே சொல்லிவைத்து, அடுக்குப் பார்க்கும் ஒத்திகை நாளுக்கும் சேர்த்து எடுப்பது நல்லது. கரப்போடு ஆடிப் பழகாத கால் அரங்கேற்றத்தில் தாளம் தப்பும்.