பாம்பர் ஜாக்கெட்டில் படம் வரைய: எனாமலா, ஆயிலா, அக்ரிலிக்கா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையினர் அணிந்த ஏ-2 தோல் ஜாக்கெட்டை, முதுகில் படமும் நெஞ்சில் பேட்சுமாக மறுபடி செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் எடுத்தவுடன் "எந்தப் பெயிண்ட் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1944இல் இங்கிலாந்தின் ஏதோ ஒரு விமானத்தளத்தில் நேற்று ராத்திரிதான் வரைந்து முடித்தது போல இருக்க வேண்டுமா, இல்லை எண்பது வருடம் கழித்து அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வெடிப்பும் உதிர்வுமாகத் தொங்குவது போல இருக்க வேண்டுமா? இரண்டையும் அசல் என்றே சொல்லலாம். ஆனால் தோல், பெயிண்ட், பேட்ச் எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்து மாறும். என் ஓட்டு புதிதாக இருப்பதற்கு. அந்த இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள் போட்டுத் திரிந்தது பளிச்சென்ற ஜாக்கெட்டைத்தான். புது ஜாக்கெட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வயசாக்குவது எனக்குச் சினிமா மேக்கப் போலத்தான் தெரிகிறது.

முதலில் தோல். ஏ-2 1931இல் அதிகாரபூர்வ உடையானது. பெரும்பாலும் குதிரைத் தோல். ஆட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும் தைத்திருக்கிறார்கள். ஏரோ லெதர், ரஃப் வேர், பெர்ரி, டுபோ என்று பல கம்பெனிகள் ஒப்பந்தம் எடுத்ததால் காலரின் வெட்டு, பை மூடியின் வளைவு எல்லாம் ஒன்றுக்கொன்று மாறும். 1943இல் அந்தப் படையின் தலைவர் ஜெனரல் ஹாப் ஆர்னால்ட் புதிய ஒப்பந்தங்களை நிறுத்தி, துணி ஜாக்கெட்டுகளுக்கு மாறச் சொல்லிவிட்டார். இருந்தும் கையில் இருந்ததைப் பையன்கள் கழற்றவில்லை. ஏ-2வின் முதுகு ஒரே துண்டுத் தோல், நடுவில் தையலே கிடையாது. வரைகிறவனுக்கு இதைவிட நல்ல பலகை எங்கே கிடைக்கும்?

குதிரைத் தோலின் மேற்பரப்பு வழவழப்பு, அதனால் எழுத்தின் ஓரம் கத்தி போல விழும். ஆட்டுத் தோலில் புள்ளிப் புள்ளியான மணிகள் இருப்பதால் மெல்லிய பிரஷ் தடுக்கித் தடுக்கிப் போகும். ஆனால் லேசானது, சீக்கிரம் உடம்புக்குப் படியும். விலையும் கட்டுப்படியாகும். இங்கிலாந்தின் ஈஸ்ட்மேன், ஸ்காட்லாந்தின் ஏரோ, ஜப்பானின் பஸ் ரிக்சன்ஸ், ரியல் மெக்காய்ஸ் போன்ற நகல் கம்பெனிகள் தையல் வரை பழைய ஒப்பந்தத்தைப் பார்த்துச் செய்கின்றன. அந்த விலைக்கு இங்கே ஒரு பழைய பைக் வாங்கிவிடலாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆட்டுத் தோலுக்குப் பஞ்சமில்லை என்பதால் உள்ளூரில் தைக்கிறவர்கள் அதற்குப் போவதில் தவறே இல்லை. அமெரிக்க விமானப் படையே 1988இல் ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஆட்டுத் தோலில்தான் கொண்டுவந்தது. கம்பளி ஆட்டுத் தோலில் வரும் கனமான பி-3யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைனஸ் 40 டிகிரிக்குச் செய்த உடை அது. சென்னையில் ஏ-2வே தண்டனைதான்.

இனி பெயிண்ட். அன்று வரைந்தவர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள்: சைன்போர்டு எனாமல், டியூப் ஆயில் கலர், விமானத்துக்கு அடிக்க வைத்திருந்த பெயிண்ட். ஊரில் போர்டு எழுதிப் பிழைத்தவர்கள் பலர் இந்த வேலையில் இருந்தார்கள். எழுத்துகளைப் பார்த்தாலே தெரியும்.

எனாமலின் பலம் அதன் ஓட்டம். பிரஷ் தடம் தானாகச் சமனாகி, கண்ணாடிப் பளபளப்போடு உட்காரும். விமானத்தின் பெயரை வளைத்து எழுதவும், குண்டு வரிசை (தாக்குதலுக்கு ஒன்றாக வரையும் சின்னக் குண்டுப் படங்கள்) போடவும் இதற்கு நிகர் இல்லை. குறை, காய்ந்தபின் விறைத்துவிடும். தோல் மடியும், பெயிண்ட் மடியாது. தோள்பட்டைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே என்று மடிப்பு விழும் இடங்களில் வெடிக்கும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடித்தால் வெடிப்பு தள்ளிப்போகும், நிற்காது.

ஆயில் பெயிண்டை முகத்துக்காகவும் உடம்பின் நிறத்துக்காகவும் எடுக்கிறோம். மெதுவாகக் காய்வதால் கன்னத்து நிழலை விரலால்கூடக் கலக்கலாம். 'மெம்பிஸ் பெல்' என்ற குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில், எஸ்குவயர் பத்திரிகையில் ஜார்ஜ் பெட்டி வரைந்த பெண்ணைப் பார்த்து டோனி ஸ்டார்சர் தீட்டினார். ஒரு பக்கம் நீல உடை, மறுபக்கம் சிவப்பு. அந்த மாதிரி உருவத்தை முதுகுக்கு இறக்க நினைத்தால் ஆயில் இல்லாமல் முடியாது என்பேன். ஆனால் காய நாள்கணக்கில் ஆகும், கனமாக அப்பினால் வாரக்கணக்கு. நம் ஊர் மழைக்காலத்தில் பெயிண்ட் காய்வதற்குள் தோலில் பூஞ்சை வந்துவிடலாம்.

ஏஞ்சலஸ் பிராண்ட் மாதிரித் தோலுக்கென்றே வரும் அக்ரிலிக், போரில் இல்லாத பொருள். ஆனால் தோலோடு சேர்ந்து வளையும், சீக்கிரம் காயும், காயும்வரை தண்ணீரில் கரையும். தினமும் போடப்போகிற ஜாக்கெட்டுக்கு இதுதான் சரி. உறுத்துவது அதன் முகம்: ரப்பர் ஒட்டியது போன்ற மேற்பரப்பு, தட்டையான நிறம். இதற்கு நல்ல சமரசம் ஒன்று உண்டு. அடித்தளத்தை அக்ரிலிக்கில் போட்டு, நிழலையும் முகத்தையும் மட்டும் அதன்மேல் மெல்லிய ஆயிலில் முடிக்கலாம். வரிசை மாறக் கூடாது. ஆயிலின் மேல் அக்ரிலிக் அடித்தால் உரியும். எதை அடித்தாலும் முதலில் அசிட்டோன் தொட்ட துணியால் தோலின் மேல்பூச்சை லேசாக எடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாதவர்கள்தான் பிறகு பெயிண்ட் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

பழைய தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கும் நான் எனாமலையே சொல்வேன். போட்டு நடமாடுங்கள், அது தானே வெடிக்கும். அக்ரிலிக்கில் பொய் வெடிப்பு கீறினால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

பேட்ச் விஷயத்தில் எந்தப் போர்முனை என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் இருந்த 8ஆம் விமானப் படையினரிடம், வட்டத் தோலில் கையால் வரைந்து இடது நெஞ்சில் தைத்த ஸ்குவாட்ரன் சின்னங்களை நிறையப் பார்க்கலாம். சீனா-பர்மா-இந்தியா முனையில் கதை வேறு. அங்கே இந்தியக் கைவினைஞர்கள் பல நிறத் தோல் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்தும், ஜரிகையிலும் செய்து கொடுத்தார்கள். அந்த முனையின் சின்னத்தில் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.  இதில் நம் கைக்குப் பழகியது அதிகம்: ஜரிகை வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை, தோல் துண்டு வேலையை எந்த நல்ல பை தைப்பவரும் செய்வார். வர்ணம் தீட்டிய வட்டத்தைவிட இதையே நான் விரும்புவேன். வரைந்த பேட்சுக்கும் ஒரு வசதி உண்டு, கெட்டால் தூக்கிப் போட்டுவிடலாம். தைக்கும்போது மட்டும் அவசரம் வேண்டாம், தோலில் விழுந்த ஊசித் துளை மூடாது.

குண்டு வரிசையை ஸ்டென்சில் வைத்து ஒரே மூச்சில் அடித்தால் அச்சடித்தது போலிருக்கும். ஒவ்வொரு தாக்குதல் முடிந்ததும் ஒன்று சேர்த்தவர்கள் உண்டு. அவர்கள் வரிசையில் குண்டுகளின் உயரமும் மஞ்சளும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். வாசகத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் தேவை. கென்னத் வில்லியம்ஸ் என்ற குண்டுவீச்சாளர் 1943 நவம்பரில் ஜெர்மனியில் சிறைபட்டபோது முதுகில் 'மர்டர் இங்க்' (கொலைக் கம்பெனி) என்று எழுதியிருந்தது. அது அவருடைய விமானத்தின் பெயர். ஜெர்மன் பத்திரிகைகள் அந்தப் படத்தைப் போட்டு, கொலைகாரர்கள் தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்று பிரசாரம் செய்தன. உண்மையான ஒருவரின் ஜாக்கெட்டை வரிக்கு வரி நகலெடுப்பதைவிட, அந்தக் காலத்துக்குப் பொருந்தும் கற்பனை விமானம் ஒன்றுக்கு வரைவது எனக்கு உவப்பு. இறந்துபோன ஒருவர் பறந்த பறப்புகளை நான் முதுகில் சுமப்பது கூச்சமாக இருக்கிறது.

எப்படிச் செய்தாலும் லைனிங்கின் உள்பக்கம் அழியாத மையில் செய்த ஆண்டை எழுதிவையுங்கள். நல்ல நகல்கள் இரண்டு கை மாறியதும் அசல் விலைக்குப் போகின்றன. புற ஊதா விளக்கில் பாலியெஸ்டர் நூல் ஒளிர்கிறதா என்று பார்த்துச் சேகரிப்பாளர்கள் பிடிப்பார்கள்தான், ஆனால் பருத்தி நூலில் தைத்துவிட்டால் அந்தச் சோதனையும் கைகொடுக்காது.